மருந்துப்பிள்ளை

அவள் பெயர் றபீக்கா. கல்முனைக்குடியில் அவளை அறிந்தவர்கள், பெயரைச் சொல்வதற்கு முன்பே அவளுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். எவர் எதிரே வந்து அமர்ந்தாலும் அவளுடைய வலக்கைப் பெருவிரல் தானாகவே எழுந்து அவருடைய கண்ணை நோக்கிப் போகும். கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்துச் சிவப்பைப் பார்ப்பாள். சிவந்திருந்தால் விரலை எடுத்துக்கொள்வாள். வெளிறியிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. மகன் றமீசின் இமையை நாள்தோறும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பார்ப்பாள். கணவன், மாமி, கலியாணத்துக்குச் சொல்ல வந்த உறவுப் பெண்கள் எனப் பிறரும் அந்த விரலுக்குத் தப்பியதில்லை.

"ஆட்டு யாவாரி பல்லப் பாப்பான், எங்கட மருமகள் கண்ணப் பாக்கா," என்று மாமி செய்னம்பு வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். "ஒரு நாளைக்கி எனக்கும் வெலை சொல்லப் போறா."

அவளிடம் வேறொரு வழக்கமும் உண்டு. அதைப்பற்றி எவரும் சிரிப்பதில்லை. அவள் கடலுக்கு முதுகு காட்டி அமர்வதில்லை. இப்போது அவர்கள் குடியிருப்பது ஊரின் மேற்கே வயலோரத்தில். அங்கிருந்து கடல் தெரியாது, காற்று எதிர்த்து வீசினால் இரைச்சல்கூடக் கேளாது. ஆயினும் குசினியில் பலகையைக் கிழக்கு நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டே மீன் வெட்டுவாள். ஒரு முறை வந்தது மறு முறை வர வழி கேட்காது என்பது அவள் எண்ணம்.

றமீசுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அவன் உடம்பு வாழைக்குருத்துப் போல் வெளுக்கத் தொடங்கியது. நோயின் பெயர் தலசீமியா என்றார்கள். அவன் உடல் தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே செய்துகொள்ளாது. மாதந்தோறும் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தோடு சேரும் இரும்பு ஈரலிலும் இருதயத்திலும் படிந்துவிடுமாதலால், அதை வெளியேற்ற இரவெல்லாம் வயிற்றுத் தோலில் ஊசி செருகி மருந்து செலுத்த வேண்டும். றபீக்காவின் கணவன் ஜெமீல் அவளுக்கு மாமன் மகன். உறவு விட்டுப்போகக் கூடாது என்று செய்த கலியாணம் அது. உறவும் விட்டுப்போகவில்லை, இருவர் உடம்பிலும் பாதிப் பாதியாக ஒளிந்திருந்த நோயும் விட்டுப்போகவில்லை.

சுனாமியாகக் கடல் பொங்கிய அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் தகப்பனும் றமீசை இரத்தம் ஏற்றுவதற்காக கடலுக்கு எட்டாத உட்பக்கத்து ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது றபீக்காவின் சீதன வீடு நின்ற இடத்தில் கிணற்றுக் கட்டு மாத்திரம் இருந்தது. வீட்டிலிருந்த அவளுடைய உம்மாவின் உடலை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். மையித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் றமீசின் தலையைத் தடவி, நோய்தான் இவனைக் காப்பாற்றியது, ஏதோ ஒரு கருமத்துக்காகவே அல்லாஹ் இவனை எடுத்து வைத்திருக்கிறான் என்றார்கள். ஆறுதலாகச் சொன்ன சொல்தான். றபீக்காவுக்கோ அது நெஞ்சில் ஈயமாக இறங்கியது. எடுத்து வைத்தவன் ஒரு நாள் ஏதேனும் கேட்பான் அல்லவா? என்ன கேட்பான் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பின்னர் கூடாரத்தில் ஒரு காலம், பின் வயலோரத்து இந்தப் புதிய வீடு. அதற்குள் சண்டையும் மூண்டுவிட்டது. இன்று கடையடைப்பு, நாளை ஊரடங்கு, மறுநாள் பாதை பூட்டு என்று நாட்கள் கழிந்தன. காரைதீவுச் சந்தி தாண்டி, சம்மாந்துறையும் வீரமுனையும் கடந்து போகும் பாதை திறந்திருந்தால் ஆசுபத்திரியில் இரத்தம் இராது. இரத்தம் வந்த நாளில் பாதை திறந்திராது. றமீசு மட்டும் இதையெல்லாம் விளையாட்டாகவே கொண்டான். இரத்தம் ஏறி முடிந்ததும், அன்றைக்குத் தனக்குள் வந்திருப்பவர் யார் என்று தானே தீர்மானிப்பான். "இண்டைக்கு எனக்குப் பொலிஸ்காரன்ட ரெத்தம். ஐடென்டிக் காட்டெ எடுங்க பாப்பம்," என்று வாப்பாவை மறிப்பான். லொறி ஓட்டும் ஜெமீலும் சோதனைச் சாவடிப் பணிவோடு சட்டைப்பையைத் தடவுவான். றபீக்கா அப்போதும் மகனுடைய இமையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நோயை அடியோடு தீர்க்க வழி உண்டென்று சொன்னவர் டொக்டர் அழகரெத்தினம். திருக்கோவில் ஊர்ப் பக்கத்து மனிதர், அளந்து பேசுவார். உடன்பிறந்த ஒருவரின் உயிரணுக்கள் பொருந்துமானால், சென்னைக்குக் கொண்டுபோய் அவற்றை றமீசின் உடலில் ஏற்றலாம். அவை ஒட்டிக்கொண்டால் அவன் உடல் தானாகவே இரத்தம் செய்யத் தொடங்கும் என்றார். றமீசோ ஒற்றைப் பிள்ளை. அடுத்ததும் இப்படியே பிறந்துவிடுமோ என்று அஞ்சி அவர்கள் இருவரும் அத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். டொக்டர் றமீசின் சட்டைப்பையிலிருந்த விளையாட்டுக் கண்ணாடிப் போளைகளில் நான்கை வாங்கி மேசையில் வைத்தார். ஒன்றைத் தள்ளினார். நான்கில் ஒரு பிள்ளை இதே நோயோடு பிறக்கலாம் என்றார். மீண்டும் நான்கையும் சேர்த்து வைத்து, வேறொன்றை முன்னே நகர்த்தினார். நான்கில் ஒன்றுதான் றமீசுக்குப் பொருந்தும் என்றார். அன்று முதல் அரிசியில் கல் பொறுக்கும்போதுகூட அவள் விரல் தன்னையறியாமல் நான்கு மணியில் ஒன்றை ஒதுக்கிவைக்கத் தொடங்கியது.

ஜெமீலுக்கு அன்றே மனம் உறுதியாகிவிட்டது. பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டும் வந்தான். மருந்து தேடுவது நபிவழியான சுன்னத்து, பிள்ளை பெறுவது இறைவன் அருளும் நிஃமத்து, இரண்டிலும் குற்றமில்லை. நிய்யத்து, அதாவது உள்ளெண்ணம், எப்படி என்பது மாத்திரம் பெறுகிறவளுக்கும் படைத்த றப்புக்கும் இடையிலுள்ளது என்று அவர் கூறினாராம். முதற் பாதியைக் கேட்டு ஜெமீல் மகிழ்ந்தான். பிற்பாதி றபீக்காவின் பாயோடு வந்து படுத்துக்கொண்டது. ஒரு பிள்ளையின் உயிருக்காக இன்னொரு பிள்ளையை உண்டாக்குவதென்றால், பொருந்தாத பிள்ளையை என்னவென்று ஏந்துவது? நோயோடு பிறந்தால் அதன் முகத்தில் எப்படி விழிப்பது? பொருந்தியே பிறந்தாலும், நீ எதற்காக வந்தாய் என்று அதற்கு எந்த வயதில் எந்த வாயால் சொல்வது?

அவளை இணங்கவைத்தது டொக்டரின் ஒரே ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்தபின் கழிந்து விழும் நஞ்சுக்கொடியில் தங்கிநிற்கும் இரத்தமே போதுமானதாக இருக்கலாம். எப்படியும் மண்ணுக்குப் போகிற பொருள் அது. பிள்ளைக்கு ஓர் ஊசி முனையும் படாது என்றார். றபீக்கா அதை இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு ஜெமீலிடம் சொன்னாள்.

"கொடியில உள்ளதை மட்டுந்தான் எடுப்பீங்க. புள்ளயில கை வைக்கப்படா. அப்பிடியெண்டாத்தான்."

"ஓம் புள்ள. நான் என்ன, கசாப்புக்காரனா?" என்றான் ஜெமீல்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் அவளுக்கு மாதம் நிறைந்தது. கொடியின் இரத்தத்தை ஏந்தும் பையொன்று சென்னையிலிருந்து கொழும்பு வழியாக வந்து சேர்ந்தது. சண்டைக் காலத்தை நம்ப முடியாதென்று, அதை வீட்டு அலுமாரியிலேயே வைத்து, அதே தெருவிலிருந்த மருத்துவமாதுக்கு டொக்டர் அதன் செய்முறையைக் கற்றுக்கொடுத்திருந்தார். அஞ்சியபடியே நடந்தது. வலி கண்ட நாளில் ஊரடங்கு. லொறியையோ முச்சக்கர வண்டியையோ தெருவில் இறக்க வழியில்லை. மருத்துவமாது வேலியோடு வேலியாக வந்து சேர்ந்தாள். பிற்பகல் அஸர் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. "வீட்டுக்கு உடையவள் வந்திட்டா," என்றாள் மாமி. அந்த ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்.

கொடியும் விழுந்தது. அதே நேரத்தில் றபீக்காவுக்கு உதிரம் மிகுதியாகப் போகத் தொடங்கவே, மருத்துவமாது அவள் பக்கம் திரும்பினாள். உதிரத்தை நிறுத்திக் கை கழுவி, அலுமாரியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்தவள் கொடி எங்கே என்று கேட்டாள்.

மாமி செய்னம்பு ஓர் அலுமினியக் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்திவந்து வைத்தாள். தட்டினால் மூடி, தட்டின்மேல் பிஸ்மி சொல்லி ஊதியும் இருந்தாள்.

"நீங்க கேட்ட ரெத்தம் இந்தா இரிக்கி. ஒரு சொட்டும் சிந்த உடல்ல. கொடிய மட்டும் முறைப்படி உப்புப் போட்டுத் தாட்டுப்போட்டன். அது வெளிய கிடந்தா நாய் கிளறும், சூனியக்காரன்ட கையில பட்டா புள்ளக்கிக் கூடாது."

கிண்ணத்திலிருந்தது பாயில் வடிந்த உதிரம். வேண்டியிருந்ததோ வேப்பமரத்தடியில் ஒரு முழ ஆழத்தில், உப்போடு மண்ணுக்குள் உறைந்துகொண்டிருந்தது. கொடிக்குள்ளும் இரத்தம் இருக்கும் என்று மாமிக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை. அவள் ஐந்து பெற்றவள். அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்கள். மருத்துவமாது வெறும் பையை மடித்தாள். மாமி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு குந்தி, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். அவளை எவரும் ஏசவில்லை. பேரனுக்கு வேண்டியதையும் எடுத்து வைத்து, பேத்திக்கு வேண்டியதையும் செய்து முடித்தவளை என்ன சொல்லி ஏசுவது?

ஜெமீல் தாயின் பக்கத்தில் வந்து குந்தினான். பின்னர் தாயைத் தேற்றுவதற்காகவே, "அழாதீங்க உம்மா. கொடி போனா என்ன? புள்ள இரிக்கிதானே," என்றான்.

பிறந்த குழந்தை பக்கத்திற் கிடந்து கையைக் காலை உதறிக்கொண்டிருந்தது. றபீக்கா அதைத் தன் சேலைத் தலைப்புக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். குளிருக்காக என்று எல்லோரும் எண்ணினார்கள்.

ஏழாம் நாள் முடி இறக்கியபோது, ஷிபா என்று பெயரிடலாமென்றான் ஜெமீல். நோய் தீர்வது என்று பொருள்படும் அழகான பெயர்தான். அவளுக்கோ ஒரு வேலையைப் பிள்ளைக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை. பஸ்லியா என்று வைத்தாள். ஜெமீல் மறுத்துப் பேசவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து, பிள்ளைக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே என்று மெல்லச் சொன்னான். அது நியாயந்தான். பிள்ளையின் நன்மைக்காகவே ஓர் ஊசி. அதே இரத்தத்தில் பொருத்தத்தையும் பார்த்துவிடலாம். தன் நிபந்தனையின் முதல் இழை இவ்வாறு நியாயத்தின் கையாலேயே அறுபடுவதை றபீக்கா கண்டாள். கண்டும் பிள்ளையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. பிள்ளைக்கு நோயில்லை. றமீசோடு முழுப் பொருத்தம். டொக்டரே எழுந்து ஜெமீலின் கையைப் பற்றிக் குலுக்கினார். இனிச் செய்ய வேண்டியது எலும்பின் உள்ளிருக்கும் மச்சையை எடுப்பது. பிள்ளை பத்துக் கிலோ நிறையைத் தாண்டட்டும் என்றார். வீட்டில் இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்தார்கள். மாமி நன்றி கூறி ஷுக்றுத் தொழுகை தொழுது, நெற்றியை நிலத்தில் பதித்த சஜதாவிலேயே வெகுநேரம் கிடந்தாள். தங்கையின் உயிரணு ஏறினால் தான் பெண்பிள்ளையாகிவிடுவேனோ என்று றமீசுக்குக் கவலை பிடித்தது. "சட்டி கழுவ ஒரு ஆள் கூடினா நல்லந்தானே," என்று வாப்பா சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை.

செய்தி தெருவெல்லாம் பரவியது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் இப்போது மறுபடியும் ஒரு முறை பார்க்க வந்தார்கள். கன்னத்தைக் கிள்ளாமல், தொடையை அமுக்கி நிறை பார்த்தார்கள். ஆட்டுப்பால் கொடு, நல்லெலும்பு அவித்துக் கொடு, உப்புக் காற்றில் கொண்டுபோகாதே என்றார்கள். யாரோ ஒருத்தி பாசத்தோடு "மருந்துப்புள்ள" என்றாள். அப்பெயர் ஒட்டிக்கொண்டது. "மருந்துப்புள்ள நித்திரையா?" "மருந்துப்புள்ள பல்லு முளைச்சிட்டா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டார்கள். அவர்களிடம் தீய எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதுதான் றபீக்காவை மேலும் அச்சுறுத்தியது. தீய எண்ணமாக இருந்தால் வாயைத் திறந்து ஏசலாம்.

அவளும் பிள்ளையைப் பொத்திப் பொத்தியே வளர்த்தாள். தவழவிட்டால் கூடவே தவழ்ந்தாள். பூனையை விரட்டினாள், பால் போத்தலை மூன்று முறை கொதிக்கவைத்தாள். தாயென்றால் இவளல்லவா தாய் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சுதலை அவளும் ஓரளவு நம்பியிருந்தாள், மறுவருடத்து அந்த வைகாசிப் பகல் வரையில்.

அன்று காலையிலிருந்து பஸ்லியாவுக்குக் காய்ச்சல். நண்பகல் லுஹர் வேளையில் உடம்பு தணலாகி, கண் மேலே செருகியது. ஜெமீல் முச்சக்கர வண்டியைப் பிடித்துவந்தான். தெருவில் எங்கும் வெடிச் சத்தம். றபீக்கா பிள்ளையின்மேல் கவிழ்ந்தாள். அது சீனவெடியென்றும், சண்டை முடிந்துவிட்டதாம், அதற்காகக் கொளுத்துகிறார்களென்றும் வண்டிக்காரன் திரும்பிச் சொன்னான். சந்தியில் கொடிகள் அசைந்தன. எவரோ வண்டியை மறித்துப் பாற்சோறு நீட்டினார்கள்.

அந்த இரைச்சலுக்கு நடுவே அவள் பெருவிரல் வழக்கம்போல் எழுந்து பஸ்லியாவின் கீழிமையை இழுத்தது. சிவப்பு இருந்தது. அப்போது அவள் நெஞ்சிலிருந்து, எவரும் கேளாமலே, ஒரு சொற்றொடர் எழுந்தது: இவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் றமீசு என்ன ஆவான்?

பிள்ளை என்ன ஆவாள் என்று அது கேட்கவில்லை. காய்ச்சலில் வேகும் பிள்ளை மடியில் கிடக்க, முதலில் வந்த எண்ணம் அதுவே. றபீக்கா இமையிலிருந்து கையை எடுத்தாள், கொள்ளியைத் தொட்டவள் போல. கொதிக்கவைத்த போத்தல், விரட்டிய பூனை, கூடவே தவழ்ந்த முழங்கால் எல்லாம் வரிசையாக அவள்முன் வந்து நின்றன. அவற்றில் எது பிள்ளைக்காக, எது மருந்துக்காக என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வேலிக்கு மேலாகக் கேட்டவர்களைக் கண்டு இத்தனை நாளும் பயந்தாளே. அந்தக் குரல் அவள் வீட்டுக்குள், அவள் தோலுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. கடல் வந்த நாளில்கூட அவள் இப்படி அஞ்சியதில்லை. கடல் வெளியிலிருந்து வந்தது.

காய்ச்சல் சாதாரணமானதுதான். ஆசுபத்திரியில் மருந்து கொடுத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தபின், மாலைக்குள் பிள்ளை கண் திறந்து பால் குடித்தது. மாமியோடு பின்னால் வந்து சேர்ந்த றமீசு கட்டிலின் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். டொக்டர் அழகரெத்தினம் சுற்றுப் பார்வை முடித்து வந்தார். வெளியே மறுபடியும் வெடி கேட்டது. அவர் போய்ச் சன்னலைச் சாத்தினார். சண்டை நடந்த வன்னியிலிருந்த அவருடைய தமக்கை குடும்பத்தைப்பற்றி மாசி மாதத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லையென்று தாதி ஒருத்தி முன்னொரு நாள் சொல்லியிருந்தாள். திரும்பி வந்து அமர்ந்தவர் வழக்கமான குரலிலேயே பேசினார்.

இனிப் பாதைகள் திறந்துவிடும், சென்னைக்கு எழுதி நாளைத் தீர்மானிக்கலாம் என்றார். பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி மச்சையை எடுப்பார்கள். சில நாட்கள் நோகும். மயக்கத்தில் ஆபத்து மிகக் குறைவு, இல்லையென்று மாத்திரம் தம்மால் சொல்ல முடியாது என்றார். றமீசுக்கும் காலம் கடத்துவது நல்லதன்று, ஈரலில் இரும்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

"சரிவராட்டி, டொக்டர்?" என்று றபீக்கா கேட்டாள்.

அவர் பஸ்லியாவைப் பார்த்தார். "சில பேருக்கு ஏத்தினது ஒட்டாமப் போறதும் இருக்கு, தங்கச்சி. அப்ப திரும்ப எடுக்கவேண்டி வரும். வேற ஆக்கள்ற பொருந்தாது. இவகிட்டத்தான்."

"எத்தின தரமெண்டாலும் எடுப்பம்," என்றான் ஜெமீல். "அதுக்குத்தானே..."

சொல்லத் தொடங்கியவன் நடுவில் நிறுத்திக்கொண்டான். மாமி தரையைப் பார்த்தாள். மிச்சச் சொல்லை எல்லோரும் அறிந்திருந்தார்கள். றபீக்கா கணவனை வெறுப்போடு நோக்கவில்லை. முச்சக்கர வண்டியில் அவள் கேட்ட அதே குரல். அவன் வாயைத் திறந்துவிட்டான், அவள் திறக்கவில்லை, அவ்வளவே.

முதலில் கொடியென்றார்கள். பிறகு ஒரே ஓர் ஊசி. இப்போது எலும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அடுத்ததற்கும் இருக்கும். அந்த நியாயங்கள் பொய்யும் அல்ல. கட்டிற் கம்பியில் தொங்கும் மகனை விட்டுக்கொடுக்கவும் அவளால் ஆகாது. அவன் இமையின் உட்புறம் அன்று தாளைப் போல் வெளுத்திருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். ஆனால் எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் கோடு போடாவிட்டால், பஸ்லியா என்ற பெயருடைய ஒருத்தி அந்த வீட்டில் பிறக்காமலே போய்விடுவாள். அந்தக் கோட்டுக்கும் ஒரு விலையுண்டு. அது றமீசின் விலையாக இருக்கக்கூடும். அதை நினைத்தபடியே அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஒருக்கா எடுங்க, டொக்டர், அவ பத்துக் கிலோ தாண்டினாப் புறகு. சரிவந்தா அல்லாட கிருபை. சரிவராட்டி ரெண்டாந்தரம் எடுக்க நான் சம்மதிக்க மாட்டன், இவர் சம்மதிச்சாலும். றமீச முந்தி மாதிரி மாசாமாசம் நானே ரெத்தம் ஏத்தக் கூட்டிட்டு வருவன்."